அவுரி நீலம்

சென்ற மாசி மாதம் இராமநாதபுரத்தில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் கால் வைக்க இடமில்லை. தரை முழுவதும் நீலத் துணித் துண்டுகள். சில கருக்கலைப் போல் இருண்டவை. சில விடியற்காலத்து வானம் போல் வெளிறியவை. அவற்றின் நடுவே நண்பரின் மருமகள் கத்தரிக்கோலும் ஊசியுமாக உட்கார்ந்திருந்தாள். துண்டுகளை இணைத்து, உள்ளே பஞ்சு பரப்பி, அடியில் ஒரு துணி கொடுத்து, மூன்றையும் சேர்த்து நூலோட்டம் ஓட்டிப் பெரிய விரிப்பு ஒன்று தைத்துக்கொண்டிருந்தாள். பாம்பன் கடல்தான் அதில் சித்திரமாம்.

நண்பரின் தாயாருக்கு இதில் திருப்தியில்லை. "பழம் புடவையை மடித்துத் தைத்துக் குழந்தைக்குப் போட்டோம், சரி. நல்ல துணியைக் கிழித்து ஒட்டுப் போடுவார்களோ!" என்று என்னிடம் முறையிட்டார்.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே என்னைக் கொல்லைப்புறம் அழைத்துப் போனாள். அங்கே ஒரு மண் தாழி. திண்டிவனத்துப் பக்கத்திலிருந்து வரவழைத்த அவுரி நீலக் கட்டியை அரைத்து, சுண்ணாம்பும் வேகவைத்த தகரை விதையும் சேர்த்துப் பல நாள் புளிக்க வைத்திருந்தாள். மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நான் எட்டிப் பார்த்தேன். வெள்ளைத் துணியை அதில் தோய்த்து எடுத்தாள். வெளியே வந்தது நீலமே அல்ல; பசுமஞ்சள்! ஆனால் காற்றுப் பட்டதும் என் கண் எதிரிலேயே அது பச்சையாகி, பிறகு நீலமாகிவிட்டது. நீலம் தண்ணீரில் கரையாத பொருள். புளிப்பு அதைக் கரைய வைக்கிறது. காற்று அதைத் திரும்பவும் நூலுக்குள் பூட்டி வைக்கிறது. பஞ்சதந்திரத்தில் சாயத் தொட்டியில் விழுந்த நரியின் வேஷம் ஏன் எளிதில் கலையவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

"மாமா, இந்த நீலத்துக்கு நம் பக்கத்தில் ஏதாவது சரித்திரம் உண்டா?" என்று கேட்டாள்.

உண்டு, அதுவும் நீளமான சரித்திரம். 1945-ல் வீலர் துரை அரிக்கமேட்டைத் தோண்டியபோது செங்கல் தொட்டிகள் கிடைத்தன. அவை துணிக்குச் சாயம் ஏற்றிய தொட்டிகளாக இருக்கலாம் என்பது அவர் கருத்து. கிரேக்கரும் ரோமரும் இந்த நீலத்துக்கு நம் நாட்டின் பெயரையே இட்டார்கள். 'இண்டிகோ' என்ற சொல் பிறந்தது அப்படித்தான்.

இராமேசுவரம், மன்னார் மணலில் வளரும் சாயவேர் சிவப்பைக் கொடுத்தது. அவுரி நீலத்தைக் கொடுத்தது. இவ்விரண்டையும் கொண்டுதான் சோழமண்டலக் கரையின் சித்திரத் துணிகள் உலகத்தை மயக்கின. நீலம் படக்கூடாத இடத்தில் மெழுகைத் தடவிவிட்டுத் தாழியில் தோய்ப்பார்கள். கிழவன் சேதுபதி காலத்தில் கீழக்கரையிலிருந்து மரைக்காயர்கள் கப்பல் ஓட்டினார்கள். செத்தும் கொடுத்த சீதக்காதி அந்த ஊர்க்காரர்தாம். டச்சுக்காரர்களும் துணி வாங்க அங்கே வந்து சேர்ந்தார்கள்.

இங்கிலாந்தில் அந்தச் சித்திரத் துணியைப் பஞ்சு வைத்துத் தைத்துக் கட்டிலில் விரித்தார்கள். அந்நாட்டு நெசவாளர் வயிற்றில் அடி விழுந்தது. கலகம் மூண்டது. 1721-ல் பார்லிமெண்டு ஒரு சட்டம் போட்டது: அச்சிட்ட, சாயமிட்ட பருத்தித் துணியை உடுத்தக் கூடாது, மெத்தையிலும் திரையிலும் கூடாது! ஒரு பெண் படுக்கையில் எதை விரிப்பது என்பதற்கும் ராஜாங்கச் சட்டம். ஆனால் அந்தச் சட்டத்திலும் ஒரு விதிவிலக்கு இருந்தது. முழுவதும் நீலமாகத் தோய்த்த துணிக்குத் தடையில்லை.

இதுவரை கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. இதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். ஆனால் சரித்திரம் பாதிக் கதை சொல்லுகிறவர்களை மன்னிப்பதில்லை.

நம் கரையிலிருந்து போன நீலத் துணிக்கு 'கினியா துணி' என்று ஒரு பெயர் உண்டு. கினியா என்பது மேற்கு ஆப்பிரிக்காக் கரை. ஐரோப்பியக் கப்பல்கள் அங்கே துணியை இறக்கின, மனிதர்களை ஏற்றிக்கொண்டன. அந்த மனிதர்களுக்குக் கொடுத்த விலையில் நம் ஊர்த் தறியில் நெய்த துணியும் ஒன்று. நெய்தவனுக்கும் தோய்த்தவனுக்கும் அது தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் துணி போய்ச் சேர்ந்தது அங்கேதான்.

அடிமை வியாபாரம் ஓய்ந்த பிறகும் புதுச்சேரி நீலத் துணிக்குச் செனகல் ஆற்றங்கரையில் கிராக்கி குறையவில்லை. அங்கே அது நாணயம் போலவே செலாவணியாயிற்று. துணியைக் கொடுத்துப் பிசின் வாங்கினார்கள். அந்தப் பிசின் எதற்குத் தெரியுமா? ஐரோப்பிய ஆலைகளில் துணிக்கு அச்சடிக்கும் சாயத்தைக் கெட்டியாக்குவதற்கு! நம் கைத்தறியை வீழ்த்திய ஆலைகளுக்கு நம் துணியே பசை வாங்கிக் கொடுத்தது.

நீலத்தின் முடிவும் விசித்திரமானதுதான். 'நீலம்' என்ற சொல் அரபு வாய்ப்பட்டுப் போர்த்துகீசியரிடம் 'அனில்' ஆயிற்று. 1840-ஐ ஒட்டி ஒரு ஜெர்மானிய ரசாயனி நீலத்திலிருந்து பிரித்த பொருளுக்கு 'அனிலின்' என்று பெயர் வைத்தார். 1880-ல் பேயர் என்ற அறிஞர் சோதனைச் சாலையிலேயே நீலத்தை உண்டாக்கினார். 1897-ல் ஜெர்மன் தொழிற்சாலை நீலம் கடைக்கு வந்தது. சில ஆண்டுகளில், அந்த அனிலினிலிருந்தே நீலம் செய்யும் முறையும் வந்துவிட்டது. அவுரி வயல்கள் ஒவ்வொன்றாக வேறு பயிருக்கு மாறின. 1917-ல் சம்பாரண் குடியானவர்களுக்காகக் காந்தியடிகள் போராடியபோது, அவர்களைக் கசக்கிப் பிழிந்த அந்த வியாபாரம் ஏற்கெனவே ஆட்டங்கண்டிருந்தது.

நான் சொல்லி முடித்ததும் அந்தப் பெண் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "அழகான நிறம் என்று மட்டும் நினைத்திருந்தேன், மாமா" என்றாள்.

"அழகான நிறந்தான், அம்மா. அதில் சந்தேகமில்லை" என்றேன்.

நான் ஊருக்குப் புறப்பட்ட அன்று விரிப்பில் ஒரு மாறுதல் தெரிந்தது. கடலின் மேற்கு ஓரத்தில், தையலே போடாத கரு நீலத் துண்டு ஒன்றைச் சேர்த்திருந்தாள். அதில் படகும் இல்லை, அலையும் இல்லை. அதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நண்பரின் தாயார் மட்டும் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதைத் தடவிப் பார்த்தார். "இந்த இடத்தை மட்டும் ஏன் சும்மா விட்டிருக்கிறாய்?" என்று கேட்டார்.

"சொல்லுகிறேன், பாட்டி, உட்காருங்கள்" என்று அவள் ஆரம்பித்தாள். எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது.