ஷிரோத்கர் தையல்

கருப்பை வாய் வலுவிழந்து, வலி ஏதுமின்றி நான்காம் அல்லது ஐந்தாம் மாதத்திலேயே திறந்துகொள்வதால் அடுத்தடுத்துக் கருவை இழக்கும் பெண்களுக்கு, அந்த வாயைச் சுற்றி நாடாவால் கட்டிச் செய்யப்படும் அறுவைச் சிகிச்சை. இதை உருவாக்கியவர் மும்பை மகப்பேறு மருத்துவர் விட்டல் நாகேஷ் ஷிரோத்கர் (1899–1971). இதைப் பற்றிய அவரது கட்டுரை 1955இல் 'ஆன்டிசெப்டிக்' இதழில் வெளியானது. சென்னையில் டாக்டர் யு. ராமராவ் 1904இல் தொடங்கிய மருத்துவ இதழ் அது. உலகெங்கும் பிரசவ அறைகளில் இன்றும் பெயர் சொல்லப்படும் ஒரு சிகிச்சை தமிழ்நாட்டு இதழ் வழியே வெளியுலகை எட்டியது நம்மவர் பலரும் அறியாத பெருமை.

1950இல் அமெரிக்காவின் லாஷ் மருத்துவர்கள் கருத்தரிக்காத காலத்தில் கருப்பை வாயைச் சீரமைத்தனர். ஷிரோத்கரோ வயிற்றில் குழந்தை இருக்கும்போதே கட்டத் துணிந்தார். யோனியின் முன்சுவரைக் கீறி, சிறுநீர்ப்பையை மேலே ஒதுக்கி, கருப்பை வாயின் உட்துளை மட்டத்தில் சளிச்சவ்வுக்கு அடியில் நாடாவைச் சுற்றுவது அவர் முறை. தொடக்கத்தில் நோயாளியின் தொடையிலிருந்து எடுத்த தசையுறைப் பட்டையையே நாடாவாகக் கொண்டார். செயற்கை நாடா பின்னர் வந்தது. 1957இல் ஆஸ்திரேலியாவின் மெக்டொனால்டு, கீறாமலே சுருக்குப் பைபோல் தைக்கும் எளிய முறையை வெளியிட்டார்.

வழக்கமாக 12–14ஆம் வாரத்தில் தையல் போடுவார்கள். முன்பு குறைமாதப் பிரசவம் ஆனவருக்கு, 24 வாரத்துக்குள் ஸ்கேனில் கருப்பை வாய் 25 மில்லிமீட்டருக்கும் குறைந்திருந்தாலும் போடலாம். 36–37ஆம் வாரத்தில் எடுத்துவிட வேண்டும். கட்டு இருக்கும்போதே வலி வந்தால் கருப்பை வாய் கிழியக்கூடும். அதனால் எமரால்டு போன்ற நீலகிரி மலையூர்களிலிருந்து மலைப்பாதையில் மருத்துவமனைக்கு வரவேண்டிய கர்ப்பிணிக்கு, தையல் எடுக்கும் தேதியையும், நீர் கசிந்தாலோ வலி எடுத்தாலோ காத்திராமல் கிளம்ப வேண்டும் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுவது மருத்துவரின் கடமை.

இளம் பெண்களின் கருப்பை இறக்கத்துக்கும் ஷிரோத்கர் வழி கண்டார். அக்காலத்து மான்செஸ்டர் அறுவையில் கருப்பை வாயை வெட்டியதால் பின்னாளில் கரு தங்காமல் போகும் ஆபத்து இருந்தது. அவர் அதை வெட்டாமல், கருப்பையை நாடாவால் திரிக எலும்போடு பிணைத்தார்.

கருப்பை வாய்ப் புற்றுநோயிலும் இந்தக் கட்டு உதவுகிறது. பிரான்ஸின் டேனியல் தார்ஜான், சிறு கட்டியுள்ள இளம் பெண்களுக்குக் கருப்பை வாயை அகற்றிக் கருப்பையைக் காக்கும் அறுவையை 1994இல் அறிவித்தார். அப்படி மிஞ்சும் கருப்பையின் கீழ்ப்பகுதியைச் சுற்றி நாடா போடப்படுகிறது. இந்நாடாவைப் பெரும்பாலும் எடுப்பதில்லை. குழந்தையை வயிற்றைத் திறந்தே எடுக்கிறார்கள்.