தேதியும் திருநாளும்

சில வருஷங்களாக எங்கள் வீட்டில் டிசம்பர் ஒரு தர்க்கத்தோடுதான் தொடங்குகிறது. என் தம்பி துறைமுகத்தில் வேலை பார்க்கிறவன். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு சபையில் சேர்ந்துவிட்டான். அந்தச் சபையில் கிறிஸ்துமஸ் கிடையாது. டிசம்பர் 25 ரோமாபுரியில் சூரிய தேவனின் பிறந்தநாள். வேதத்தில் தேதி சொல்லப்படவில்லை. எனவே இது புறஜாதியார் பண்டிகை, கிறிஸ்தவன் கொண்டாடக் கூடாது. வாதம் இவ்வளவுதான். இதை அச்சடித்த ஒரு துண்டுப் பிரசுரத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனான். அம்மாவுக்குக் கண் சரியில்லை. என்னைப் படிக்கச் சொன்னாள், படித்தேன். "அப்ப அவன் சாப்பிட வரமாட்டானா?" என்று மட்டும் கேட்டாள்.

பிரசுரத்தை அலட்சியமாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. வருஷா வருஷம் நட்சத்திரம் கட்டுகிற நாங்கள் ஒரு முறையும் கேட்டுக்கொள்ளாத கேள்வியை அது கேட்கிறது. கேள்வி நியாயமானது. பதில்தான் அவசரமானது.

முதலில் சான்றுகள். கி.பி. 274ல் அவுரேலியன் என்ற சக்கரவர்த்தி 'வெல்லப்படாத சூரியன்' என்ற தெய்வத்துக்கு ரோமில் கோவில் எடுத்தான். 354ஆம் ஆண்டைச் சேர்ந்த ரோமானியத் தொகுப்பு ஒன்றில் டிசம்பர் 25 இரண்டு இடங்களில் வருகிறது. ஓரிடத்தில் வெல்லப்படாதவனின் பிறந்தநாளாக, இன்னோரிடத்தில் கிறிஸ்து பெத்லகேமில் பிறந்த நாளாக. இரண்டும் ஒரே நூலின் வெவ்வேறு பக்கங்கள். எதைப் பார்த்து எது வந்தது என்று நூல் சொல்லவில்லை. இன்னொரு கணக்கும் உண்டு. கிறிஸ்து கர்ப்பத்தில் உருவானதும் சிலுவையில் மரித்ததும் ஒரே நாள், அது மார்ச் 25 என்று பழைய கிறிஸ்தவர்கள் நம்பினார்கள். அகுஸ்தினாரே இதை எழுதியிருக்கிறார். மார்ச் 25லிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் டிசம்பர் 25. இரண்டு கணக்குக்கும் ஆதரவாளர்கள் உண்டு. பிரசுரம் முதல் கணக்கை மட்டும் தீர்ப்பாக எழுதிவிடுகிறது.

சூரியனுக்கு இதில் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஜூலியஸ் சீசரின் பஞ்சாங்கத்தில் டிசம்பர் 25தான் சூரியன் வடக்கே திரும்பும் நாளாகக் கொள்ளப்பட்டது. நாம் உத்தராயணம் என்பது அதைத்தான். ரோமானியரின் கணக்கு ஒரு விதமாகவும் நம்முடையது வேறு விதமாகவும் நழுவி, அங்கே அது கிறிஸ்துமஸை ஒட்டி நிற்கிறது, இங்கே தைப் பொங்கலில் நிற்கிறது. வானத்தில் திரும்புதல் இரண்டுக்கும் நடுவில் இல்லை; டிசம்பர் 21, 22லேயே முடிந்துவிடுகிறது. சூரியன் யாருக்கும் பாத்தியப்பட்டவனல்ல.

பிரசுரத்தின் கட்சி பழைய கட்சி. மில்டன் 1629ல், தமது 21ஆம் வயதில், கிறிஸ்து பிறப்பைப் பற்றி எழுதிய கவிதையை நான் பி.ஏ. வகுப்பில் படித்தேன். குழந்தை பிறந்ததும் அப்பல்லோவும் ஓசிரிஸும் மோலோக்கும் தத்தம் கோவில்களை விட்டு ஓடுவதாக அதில் வரும். அதே மில்டன் இருபது வருஷம் கழித்துச் சேவகம் புரிந்த பியூரிட்டன் அரசு, தெய்வங்களோடு பண்டிகையையும் ஓட்டிவிட்ட அரசு. 1647ல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் கிறிஸ்துமஸை ஒழித்துச் சட்டம் செய்தது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் குடியேற்றம் 1659லிருந்து 1681 வரை, கொண்டாடியவர்களுக்கு ஐந்து ஷில்லிங் அபராதம் என்று வைத்திருந்தது.

இந்தக் கட்சியின் உறவினர்கள் நம் கரைக்கும் வந்தார்கள். 1658ல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தார்கள். அவர்கள் கால்வினின் சீர்திருத்தச் சபையினர். சொரூபம், அர்ச்சிஷ்டவர் திருநாள், சுற்றுப்பிரகாரம் எல்லாம் அவர்களுக்கு அஞ்ஞானத்தின் மிச்சம். சேசு சபைக் குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். பால்தேயுஸ் என்ற பாதிரியார் பரதவரைத் திருத்த வந்தார், முடியாமல் யாழ்ப்பாணம் போனார். பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்று அப்போது 120 வருஷம்தான் ஆகியிருந்தது. முத்துக்குளிப்பின் உரிமைச் சண்டையில் போர்த்துகீசியரின் பாதுகாப்பைத் தேடி 1530களில் ஏற்ற மதம் அது. பிறப்பு அவ்வளவு தூய்மையானதல்ல. ஆனால் 1658ல் அதே பாதுகாப்பு எதிர்ப்பக்கம் போய்விட்டபோதும் அவர்கள் மாறவில்லை. டச்சு ஆட்சியின் கீழேயே, 1713ல், பனிமய மாதாவுக்குப் புதுக் கோவில் எழும்பியது. டச்சுக்காரர்கள் தங்களுக்கென்று 1750ல் கட்டிய கோவிலும் நிற்கிறது. இரண்டையும் ஒரே மாலையில் நடந்து பார்த்துவிடலாம்.

இந்தப் பனிமய மாதா திருநாளைத்தான் நான் தம்பியிடம் எடுத்துக்காட்டாக வைத்தேன். அது ஆகஸ்ட் 5, அதாவது ஆடி 20ஐ ஒட்டி. ஆடி அம்மனுக்குரிய மாதம். கடற்கரையில் ஒரு பெண் தெய்வம், ஆடியில் திருவிழா, தேர், வடம். ஆயிரம் வருஷம் கழித்து ஒரு ஆராய்ச்சிக்காரன் வந்து, ஆடித் திருவிழாவைத்தான் இவர்கள் மாதாவுக்கு மாற்றிக்கொண்டார்கள் என்று எழுதினால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால் தேதி விஷயத்தில் அவன் எழுதியது தவறாக இருக்கும். ஆகஸ்ட் 5 ரோமில் உள்ள மரியன்னைப் பெருங்கோவிலின் அபிஷேக நாள். கோடையில் குன்றின்மேல் பனி பெய்தது என்ற ஐதீகத்தோடு சேர்ந்து வந்தது. ஆடி மாதம் என்பது தற்செயல். பெத்லகேமின் தீவனத்தொட்டி என்று வணங்கப்படும் மரத்துண்டுகள் இருப்பதும் அந்த ரோமைக் கோவிலில்தான்.

தேர் விஷயத்தில் மட்டும் அவன் எழுதுவது சரியாக இருக்கும். 1806ல் ஜாதித் தலைவரின் முயற்சியில் தங்கத் தேர் முதன்முதலாக ஓடியது. அச்சும் சக்கரமும் வடமும் இந்த மண்ணின் கோவில் தேருக்கு உரியவை. சொரூபத்தின் கதை இன்னும் சிக்கல். அது 1555ல் மணிலாவின் ஒரு கன்னியர் மடத்திலிருந்து கப்பலில் வந்தது என்பது எங்கள் ஊர் மரபு. மணிலா ஸ்பானியரின் நகரமானதே 1571ல்தான். ஆக, தேதி ஓரிடத்திலிருந்து, தேர் ஓரிடத்திலிருந்து, சொரூபம் கடல் வழியாக எங்கிருந்தோ. வேண்டுதல் மட்டும் கடலுக்குப் போனவனின் வீட்டிலிருந்து. இதில் எதைத் 'தோற்றம்' என்பது? ஒரு திருநாளுக்கு ஒரு தோற்றம் உண்டு என்று நினைப்பதில்தான் பிரசுரத்தின் பிழை இருக்கிறது. வங்கியில் ஒரு கணக்கை யார் தொடங்கினார் என்பது ஒரு விஷயம். இன்று யார் கையெழுத்துக்குப் பணம் கொடுக்கிறோம் என்பது வேறு விஷயம்.

அப்படியானால் எதையும் எடுத்துக்கொள்ளலாமா? தம்பி இதைத்தான் கேட்டான். கேட்க வேண்டியதும் இதுதான். 1606ல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் நொபிலி, பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் சமூக வழக்கங்கள், சமயச் சடங்குகள் அல்ல என்று வாதாடினார். சிலுவையடியில் பொங்கல் வைக்க அனுமதித்தார். அவர்மேல் புகார் எழுதியவர், மதுரையில் எங்கள் பரதவக் கிறிஸ்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த பெர்னாண்டஸ் என்ற போர்த்துகீசியக் குரு. 1623ல் போப்பாண்டவர் நொபிலியின் பக்கம் தீர்ப்பளித்தார். ஆனால் சமூக வழக்கம் என்ற அந்தப் பெரிய கூடைக்குள் பூணூலோடு தீண்டாமையும் போய்விட்டது. பறையர் வீட்டு நோயாளியைக் குருக்கள் வீடு தேடிப் போய்ப் பார்க்க வேண்டும் என்று 1704ல் தூர்னோன் புதுச்சேரியில் ஆணையிட நேர்ந்தது இதனால்தான். அதே ஆணை எத்தனையோ தீங்கற்ற வழக்கங்களையும் தடுத்தது. தங்கத் தேரும் ஜாதித் தலைவரின் அதிகாரத்தைத் தெருவில் காட்டும் சாதனமாகவும் இருந்தது. எனவே கேட்க வேண்டியது, 'இது யாருடையதாக இருந்தது?' என்பதல்ல, 'இன்று இது யாரைச் சேர்க்கிறது, யாரை வெளியே நிறுத்துகிறது?' என்பதே. தோற்றத்தை மட்டும் சோதிக்கிறவன் கண்ணுக்கு நட்சத்திரம் அகப்படும், சாதி அகப்படாது.

தோற்றத்தையே அளவுகோலாகக் கொண்டு கடைசிவரை போனவரும் நம் ஜில்லாவில் இருந்தார். நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில் 1857ல் சட்டாம்பிள்ளை என்ற அருமைநாயகம் வெள்ளைக்காரப் பாதிரிமாரை விட்டு விலகி, இந்து கிறிஸ்தவ சபையைத் தொடங்கினார். ஐரோப்பியர் கலந்ததையெல்லாம் களைந்துவிட வேண்டுமென்று பழைய ஏற்பாட்டுக்கே போனார். ஓய்வுநாளைச் சனிக்கிழமைக்கு மாற்றினார். அதில் ஒரு சுயமரியாதை இருந்தது, நேர்மையும் இருந்தது. தம்பியின் சபையோ ஞாயிற்றுக்கிழமை கூடுகிறது. ஞாயிறு என்றால் என்ன என்று தமிழ் தெரிந்தவனுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இதை அவனிடம் சொன்னபோது சிரித்தான். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

அவன் பக்கம் ஒரு உண்மை உண்டு. கடைவீதியின் தள்ளுபடி விளம்பரத்துக்கும் மாட்டுத்தொட்டியில் கிடத்திய பிள்ளைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் எனக்குப் பதில் இல்லை. எனக்கே அந்த நாள் பாதிக்குமேல் செலாவணி முறிச் சட்டம் தருகிற விடுமுறைதான். விசுவாசத்தை அவன் என்னைவிடக் கனமாக எடுத்துக்கொள்கிறான். ஆனால் அந்தக் கனத்தை அவன் வைத்திருக்கும் இடம் தேதி. 2013ல் அப்பாவோடு தங்கத் தேர் வடம் பிடித்தவன், 2023ல் பதினாறாவது முறையாகத் தேர் ஓடியபோது வீட்டைவிட்டு வரவில்லை. அப்பா இல்லாமல் ஓடிய முதல் தேர் அது. புறஜாதியார் வழக்கத்தை அவன் விலக்கியதாக எனக்குத் தோன்றவில்லை. அவன் பக்கத்தில் நிற்க வேண்டிய ஆட்கள்தான் அன்றைக்கு விலகிப்போனார்கள்.

போன கிறிஸ்துமஸுக்கும் அவன் வரவில்லை. அம்மா முந்திரிக்கொத்தையும் முறுக்கையும் ஒரு தூக்குவாளியில் போட்டு மூடி வைத்தாள். "இன்னைக்குக் கொண்டுபோனா வாங்கமாட்டான். ஞாயித்துக்கிழம கொண்டுபோய்க் குடு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டான்.