களைக் கட்டுப்பாடு: சென்னையின் மேற்குப் புறநகர்த் தனியார் நிலங்கள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் காலி மனைகளிலும் வீட்டுத் தோட்டங்களிலும் புல்தரைகளிலும் பரவும் தீங்கான களைகளை அகற்றுவதும், அவை மறுபடி தலையெடுக்காமல் தடுப்பதும் இத்தலைப்பில் அடங்கும். முதன்மையானவை பார்த்தீனியம், சீமைக்கருவேலம், கோரை ஆகிய மூன்று. ஏரிகளை மூடும் ஆகாயத்தாமரை பொது நீர்நிலைகளைச் சேர்ந்த சிக்கல் என்பதால் இங்கே விரித்துச் சொல்லப்படவில்லை. தானாக முளைப்பதெல்லாம் தீங்கான களை ஆகிவிடாது. மூக்கிரட்டையும் குப்பைமேனியும் கீழாநெல்லியும் அதே மனைகளில்தான் முளைக்கின்றன. அவை கீரையாகவும் மருந்தாகவும் பயன்படுகின்றன, அண்டை நிலத்தைக் கெடுப்பதில்லை. மனிதருக்கும் கால்நடைக்கும் கேடு செய்து, வேலி தாண்டிப் பரவி, பிற செடிகளை வாழவிடாத தாவரமே தீங்கான களை. வேலி தாண்டும் இந்தக் குணத்தால்தான், ஒவ்வொரு மனையையும் அதன் உரிமையாளர் பார்த்துக்கொள்ளட்டும் என்ற ஏற்பாடு இவ்விஷயத்தில் பலிப்பதில்லை.

இதற்கு வலுவான சான்று சப்பாத்திக்கள்ளியின் வரலாறு. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இக்கள்ளி வேலிக்காகவும் சாயப்பூச்சி வளர்ப்புக்காகவும் இங்கே நடப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித் தோட்டமே அமைத்தார். கள்ளியில் வாழும் காச்சினீல் பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுத்து, அதில் ஸ்பெயின் வைத்திருந்த ஏகபோகத்தை உடைப்பது கம்பெனியின் நோக்கம். 1795இல் பிரேசிலிலிருந்து பூச்சி வந்து சேர்ந்தது. ஆனால் வந்தது நல்ல சாயம் தரும் இனமன்று. அதன் மட்டரகமான உறவினம். சாயத் தொழில் எழவில்லை. பூச்சியோ, வட இந்தியாவில் ஏற்கெனவே பரவியிருந்த ஒருவகைக் கள்ளியைத் தின்று அழித்தது. அந்தக் குணத்தைக் கண்டு 1836 முதல் 1838 வரையான ஆண்டுகளில் அதைத் தென்னிந்தியாவுக்கு வேண்டுமென்றே கொண்டுவந்து விட்டார்கள். ஒரு களையை ஒழிக்கப் பூச்சியை ஏவிய உலகின் முதல் முயற்சிகளுள் ஒன்றாக இதை அறிவியலாளர் எண்ணுகிறார்கள். அப்பூச்சி தொடாத வேறொரு கள்ளி இனம் பின்னர் மதராஸ் மாகாணத்து மேய்ச்சல் நிலங்களையும் தரிசுகளையும் ஆக்கிரமித்தது. வெட்டினால், விழுந்த துண்டு ஒவ்வொன்றும் வேர்விட்டது. 1926இல் அந்த இனத்தைத் தின்னும் இன்னொரு காச்சினீல் பூச்சி இலங்கை வழியாகத் தருவிக்கப்பட்டது. ஐந்தாறு ஆண்டுகளில் ஏறத்தாழ 40,000 ஹெக்டேரில் கள்ளி அடங்கியது. அரிவாளும் நெருப்பும் செய்யாததைப் பூச்சி செய்ததற்கு அதன் பசி ஒரு காரணம். இது யார் பட்டா, இது யார் புறம்போக்கு என்று பாராமல் தொடர்ச்சியாகப் பரவியது அதற்கு இணையான காரணம்.

சட்டமோ வேறு வழியில் சென்றது. 1919ஆம் ஆண்டின் மதராஸ் விவசாயப் பூச்சிகள் மற்றும் நோய்கள் சட்டம், இத்துறையில் இந்திய மாகாணம் ஒன்று இயற்றிய முதல் சட்டம். அரசு ஒரு களையைத் தீங்கானதென்று அறிவித்தால், நிலத்தை வைத்திருப்பவர் அதை அகற்றியாக வேண்டும். தவறினால் அதிகாரிகளே அகற்றிச் செலவை அவரிடம் வசூலிக்கலாம். தன் நிலத்தில் வைப்பதையும் எடுப்பதையும் உரிமையாளரே முடிவு செய்வார் என்று வாதிடுவோருக்கு இச்சட்டமே போதிய விடை. ஆனால் அது தினமும் வயலுக்கு வரும் உழவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. மேற்குப் புறநகரில் நிலைமை மாறிவிட்டது. 1960களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் வந்த பிறகு, ஏரிப் பாசன வயல்கள் படிப்படியாக மனைகளாயின. வயலுக்குச் சொந்தக்காரர் ஊரிலேயே இருந்தார். மனைக்குச் சொந்தக்காரர் வேறு மாவட்டத்திலோ வெளிநாட்டிலோ இருக்கிறார். விலை ஏறட்டும் என்று கல் நட்டுவிட்டுப் போகிறார். களையை அகற்றச் சொல்லி அவர் மனையில் ஒட்டும் நோட்டீஸைப் படிக்க ஆளில்லை.

பார்த்தீனியம் இந்த இடைவெளியில்தான் வாழ்கிறது. அமெரிக்கக் கோதுமையோடு 1950களில் வந்தது என்பது பரவலான விளக்கம். ஆனால் கல்கத்தா தாவரத் தோட்டச் செடிகளுக்கு தாவரவியலாளர் ராக்ஸ்பரோ தொகுத்து 1814இல் வெளியான பட்டியலிலேயே இதன் பெயர் உண்டு. ஆகவே கோதுமை இதைக் கொண்டுவரவில்லை, பரப்பியிருக்கலாம். மழை பெய்த மனையில் முதலில் கேரட் இலைபோல் பிளவுபட்ட இலைகள் தரையோடு தரையாய்ப் படிகின்றன. ஆறேழு வாரத்துக்குள் தண்டு எழுந்து, உச்சியில் அரிசி உடைசல் போன்ற வெள்ளைப் பூக்கள் கொத்துக் கொத்தாய் வருகின்றன. ஒரு செடி பதினைந்தாயிரத்துக்கு மேல் விதை தர வல்லது. இதன் நச்சு, தொட்டவர் தோலில் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்குகிறது. மகரந்தம் மூச்சுத் தொல்லை தருகிறது. மேலே வெட்டினால் அடியிலிருந்து துளிர்க்கும். பூத்தபின் பிடுங்கினால் பிடுங்குபவரே விதையை உதறிப் பரப்புவார். ஈரம் இருக்கும்போது, பூக்குமுன், கையுறை போட்டு வேரோடு எடுப்பதே சரியான முறை. லிட்டருக்கு 200 கிராம் உப்பும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து தெளிக்கலாம் என்பது வேளாண் துறையினர் சொல்லும் வழி. அது சாலையோரத்துக்குச் சரி. கிணறும் மரமும் உள்ள மனையில் மண்ணைக் கெடுக்கும். களைக்கொல்லியான கிளைபோசேட்டை உரிய பூச்சிக் கட்டுப்பாட்டாளர்களே பயன்படுத்த வேண்டுமென 2022இல் மத்திய அரசு வரையறுத்தது.

பார்த்தீனியத்தை அடக்க 1984இல் மெக்சிகோ வண்டு இனம் ஒன்றைப் பெங்களூரில் விட்டார்கள். அது சூரியகாந்தியையும் தின்கிறது என்று எழுந்த புகாரால் திட்டம் சில காலம் முடங்கியது. பயிருக்கு அதனால் பெருங்கேடு இல்லை என்று ஆய்வுகள் பின்னர் தெளிவாக்கின. மழைக்காலத்தில் இலையை மொட்டையடிக்கும் இவ்வண்டு, வறண்ட மாதங்களில் மண்ணுக்குள் உறங்கிவிடுகிறது. சென்னையின் நீண்ட கோடைக்கு அதை மட்டும் நம்ப முடியாது. பிடுங்கிய இடத்தில் தகரை, ஆவாரை, கொழுஞ்சி விதைகளைத் தூவினால் அவை பார்த்தீனியத்தை நெருக்கி அடக்குகின்றன. இவ்வழி மலிவானது, போதிய கவனம் பெறாதது.

சீமைக்கருவேலத்தைக் காமராசர் ஆட்சியில் கொண்டுவந்தார்கள் என்று பலர் நம்புகிறார்கள். அது 1877இலேயே, அன்றைய மதராஸ் மாகாணத்துக் கடப்பையில் விதைக்கப்பட்டுவிட்டது. 2017இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தனியார் தாமே அகற்றாவிட்டால் அரசு அகற்றிச் செலவை இருமடங்காக வசூலிக்கலாம் என்று கடுமையாக உத்தரவிட்டது; அதே ஆண்டு சென்னையில் தலைமை அமர்வு அப்பணியைத் தற்காலிகமாக நிறுத்தியது. விறகும் கரியும் அம்மரத்தால் கிடைக்கின்றன, பறவைகள் தங்குகின்றன என்ற மறுப்பு பொய்யன்று. ராமநாதபுரத்துக் கரிமூட்டத் தொழிலாளிக்கு அது முழுமையாகப் பொருந்தும். பூந்தமல்லி மனைக்கு அது பொருந்தாது. அங்கே யாரும் கரி சுடுவதில்லை. வேர்க்கழுத்தை மண்ணுக்கடியில் விட்டு மேலே அறுத்தால் ஒன்றுக்குப் பத்தாய்த் துளிர்க்கும் என்பதால், ஜேசிபி வைத்துத் தோண்டுவதே வழக்கம். தோண்டிய மண்ணை அப்படியே போட்டுவிட்டுப் போனால் அடுத்த மழையில் பார்த்தீனியம் நிற்கும்.

புல்தரைகளில் தொல்லை கோரை. செம்மண், எரு லாரிகளோடு கிழங்காக வருகிறது. இழுத்தால் தாள் கையோடு வரும், கிழங்கு மண்ணில் தங்கும். மண்ணைச் சலித்துப் போடுவது, விடாமல் தோண்டுவது, புல்லை அடர்த்தியாக வளர்ப்பது தவிர எளிய வழி இல்லை.

தமிழ்நாடு அரசு 2022இல் அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென ஒரு கொள்கை வெளியிட்டது. அதன் பார்வை பெரும்பாலும் காடுகள் மீது. புறநகரில் அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது, ஆவடி 2019இல் தனி மாநகராட்சியானது. உள்ளாட்சிகள் காலிமனை வரி வசூலிக்கின்றன. அதனால் ஊரில் இல்லாத உரிமையாளரின் முகவரி வரிப் பதிவேட்டில் இருக்கிறது. ஒரு தெருவின் எல்லா மனைகளையும் பூப்பதற்கு முன் ஒரே வாரத்தில் உள்ளாட்சியே சுத்தம் செய்து, செலவை அந்த வரியோடு சேர்த்து வசூலித்தால், கள்ளியை அடக்கிய அதே தொடர்ச்சி கிடைக்கும். வரியோடு கூடுதல் சுமையா என்பது உரிமையாளர் தரப்பின் மறுப்பாக இருக்கும். பக்கத்து மனைக்காரர் ஆண்டுதோறும் கூலி கொடுத்துப் பிடுங்கியும் இவர் மனையின் விதையால் மறுபடி பிடுங்க நேர்கிறதே, அந்தச் சுமை இன்று அவர் தலையில்தான் இருக்கிறது.