மதுநோய் மருந்தாய்வில் நொதிகளும் சுண்டெலிகளும்

மது உடலில் சிதைவது நொதிகளின் வழியாகவே நடக்கிறது; மூளையில் அது வேலை செய்வதிலும் நொதிகளுக்குப் பங்குண்டு. அதனால் மதுநோய்க்கு மருந்து தேடுவோர், ஒரு நொதியைத் தடுத்தால் குடிக்கும் அளவு குறைகிறதா என்பதை முதலில் சுண்டெலிகளில் சோதிக்கின்றனர். சி57பிஎல் கால்வழிச் சுண்டெலிகள் ஆல்ககால் கலந்த நீரைத் தாமாகவே விரும்பிக் குடிக்கும். டிபிஏ கால்வழி அதைப் பெரும்பாலும் ஒதுக்கும். இப்பண்பில் மரபுக்குப் பங்குண்டு என்பதை ஆய்வாளர்கள் மெக்ளியர்ன், ராஜர்ஸ் இருவரும் 1959இல் காட்டினர். கூண்டில் தண்ணீர்ப் புட்டியையும் ஆல்ககால் புட்டியையும் அருகருகே வைத்து, எதில் எவ்வளவு குறைகிறது என்று அளப்பது இன்றும் அடிப்படைச் சோதனை.

இத்தகைய சோதனையை அப்படியே நம்ப முடியாது என்போரின் மறுப்புகள் வலுவானவை. ஆல்ககாலின் கசப்பு பிடிக்காமல் சுண்டெலி ஒதுங்கியிருக்கலாம். மருந்தின் மயக்கத்தில் எதையுமே குடிக்காமல் கிடந்திருக்கலாம். இதற்காகவே சாக்கரின், குவினைன் கரைசல்களையும் கொடுத்துப் பார்க்கிறார்கள். நடமாட்டத்தையும் இரத்தத்திலுள்ள ஆல்ககால் அளவையும் கணிக்கிறார்கள். பிறவியிலேயே மரபணு நீக்கப்பட்ட சுண்டெலியின் மூளை வேறு விதமாக வளர்ந்திருக்கும் என்பது இன்னும் ஆழமான மறுப்பு. புரதக் கைனேஸ் சி-யின் எப்சிலான் வகை நொதி இல்லாத சுண்டெலிகள் மதுவைக் குறைவாக நாடுவதாக 1999இல் வெளியான ஆய்வை நோக்கி இக்கேள்வி எழுவது நியாயமே. 2002இல் அதற்கு விடை வந்தது. வளர்ந்த சுண்டெலிகளின் மூளையில் அந்த நொதியை மீண்டும் உண்டாக்கியதும் மது நாட்டம் திரும்பியது. உற்பத்தியை நிறுத்தியதும் தணிந்தது. வளர்ச்சிக் கோளாறு காரணமாக இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது. மனிதரிடம் செய்யவே முடியாத இந்தச் சோதனையில்தான் சுண்டெலியின் உண்மையான மதிப்பு இருக்கிறது.

மதுநோய்க்குப் பயன்படும் பழைய மருந்தான டைசல்ஃபிராம் சுண்டெலிச் சோதனையால் கிடைத்ததல்ல. டென்மார்க்கில் 1940களில் குடற்புழு மருந்தாக அதை ஆராய்ந்த ஹால்டும் யாகோப்சனும் தாங்களே உட்கொண்டு, மது அருந்தியபோது ஏற்பட்ட உடல் எதிர்வினையால் அதன் இயல்பை அறிந்தனர். மது சிதையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடை அகற்றும் நொதியை அது தடுக்கிறது. அந்த நொதி பிறவியிலேயே வலுக்குன்றிய கிழக்காசியர் பலருக்குக் குடித்தவுடன் முகம் சிவக்கும். அவர்களிடையே மதுநோய் குறைவு. ஆனால் தொடர்ந்து குடித்தால் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கான ஆபத்து அவர்களுக்குக் கூடுதல். எனவே உடல் முழுவதும் அதைத் தடுப்பது கவலைக்குரியது. கல்லீரலில் மட்டும் தடுத்தால் போதுமா? 2019இல் வந்த சுண்டெலி ஆய்வில், கல்லீரலில் மட்டும் அந்த நொதியை நீக்கியபோது மிகுதியாகக் குடிப்பது குறைந்தது. மிதமாகக் குடிப்பது குறையவில்லை. எந்த உறுப்பில், எந்த அளவுக் குடிக்கு என்ற இந்த நுட்பத்தை மனிதரின் மரபு வேறுபாடு மட்டும் சொல்லியிருக்காது.

அப்படியிருந்தும் சுண்டெலிக்குக் குடும்பமில்லை, வேலையில்லை, குடியை விடவேண்டும் என்ற தவிப்பும் இல்லை. அதன் முடிவு மனிதரிடம் செல்லுமா என்பதைத் தனியே சோதித்தாக வேண்டும். பாஸ்போடையெஸ்டரேஸ்-4 நொதியைத் தடுக்கும் அப்ரமிலாஸ்ட், சொரியாசிஸ் சார்ந்த மூட்டுவீக்கத்துக்கு அமெரிக்காவில் 2014இல் ஒப்புதல் பெற்றது. மிகுதியாகக் குடிக்கும் சுண்டெலிகளிலும், மதுநோயுள்ள மனிதரிடம் நடந்த சிறிய, குறுகியகாலச் சோதனையிலும் அது குடியைக் குறைத்ததாக 2023இல் ஒரே ஆய்வறிக்கை காட்டியது. இரண்டும் ஒத்துப்போவதே மருந்து இலக்காக இந்த நொதிக்குள்ள பலம். ஆனால் சில நாட்களில் குறைந்த குடி மாதக்கணக்கில் குறைந்தே இருக்குமா என்பதைச் சொல்ல, சிகிச்சை நாடி வரும் நோயாளிகளிடம் நீண்டகாலச் சோதனை நடந்தாக வேண்டும்.