கூவம் சீரமைப்பு: ஓர் ஆறு, பல துறைகள்

தக்கோலத்துக்கு அருகில் உள்ள கேசவரம் அணைக்கட்டில் கொசஸ்தலையாற்றிலிருந்து பிரியும் கூவம், திருவள்ளூர் மாவட்டத்தின் ஊர்களைக் கடந்து ஏறத்தாழ 72 கிலோமீட்டர் ஓடி, சென்னை நேப்பியர் பாலத்தருகே கடலில் கலக்கிறது. முதல் 40 கிலோமீட்டர் வயலும் ஏரியும் சூழ்ந்த பகுதி. ஆவடியை ஒட்டிய பருத்திப்பட்டு தடுப்பணையிலிருந்து முகத்துவாரம் வரையிலான 32 கிலோமீட்டர் நகரப் பகுதி. ஆறு முழுவதும் ஒரே மாநிலத்துக்குள்தான் ஓடுகிறது. எனினும் அதன் படுகை ஒரு துறையிடமும், அதில் விழும் வடிகால் இன்னொரு துறையிடமும், வடிகாலில் வரும் கழிவுநீர் மூன்றாவது துறையிடமும் உள்ளன. அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துவரும் கூவம் சீரமைப்பின் வரலாறு பெரும்பாலும் இந்தப் பொறுப்புப் பங்கீட்டின் வரலாறே.

ஆறு கெட்ட விதம்

ஆற்றுக்குப் பெயர் தந்த கூவம் என்னும் ஊர், திருவிற்கோலம் என்ற பெயரில் திருஞானசம்பந்தரின் பாடல் பெற்ற தலம். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த வள்ளல் பச்சையப்ப முதலியார், கூவத்தில் நீராடிக் கோமளீசுவரன்பேட்டைக் கோயிலில் வழிபட்டு வந்தார். இன்றைய சிந்தாதிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் அக்காலத்தில் குளிக்கத்தக்க நீர் ஓடியது.

அந்த நீர் கெட்டதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, மேலிருந்து வரும் நல்ல நீர் குறைந்தது. கூவம் ஆண்டு முழுவதும் நீர் ஓடும் ஆறு அன்று. அதன் குறுக்கே உள்ள கொரட்டூர் அணைக்கட்டிலிருந்து புதிய பங்காரு கால்வாய் வழியாகச் செம்பரம்பாக்கம் ஏரிக்கு நீர் திருப்பப்படுகிறது. பாசனத்துக்கும் குடிநீருக்கும் இந்த ஏற்பாடு தேவையானது. ஆனால் மழைக்காலம் கழிந்தபின் நகருக்குள் வந்துசேரும் நன்னீர் மிகச் சொற்பம்.

இரண்டாவது, முகத்துவாரம் அடைபட்டது. சோழமண்டலக் கரையில் அலைகள் மணலை ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகர்த்திச் செல்கின்றன. 1870-களில் சென்னைத் துறைமுகத்தின் கட்டுமானம் தொடங்கியபின், கடலுக்குள் நீண்ட சுவர்கள் அந்த மணலைத் தடுத்து நிறுத்தின. தெற்கே மெரினா அகன்றது. கூவத்தின் வாயில் மணல்திட்டு வளர்ந்தது. சென்னைக் கடலில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர் மட்டுமே. மணல் மூடிய வாயைத் திறந்து ஆற்றைக் கழுவிவிட அது போதாது.

மூன்றாவது, கழிவுநீர். சென்னையில் பாதாளச் சாக்கடை அமைக்கும் பணி 1890-களில் தொடங்கியது. 1910-ஆம் ஆண்டின் திட்டம், 1961-இல் நகரில் 6.6 லட்சம் பேர் வாழ்வார்கள் என்ற கணிப்பின்மேல் அமைந்தது. 1961-இல் நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 17 லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் காட்டியது. குழாய்களும் கழிவுநீர் உந்து நிலையங்களும் தாங்காதபோது மிஞ்சிய கழிவு ஆற்றுக்குப் போயிற்று.

பொறுப்பு பிரிந்த விதம்

1688-இல் நிறுவப்பட்ட சென்னை மாநகராட்சியே நெடுங்காலம் நகரின் குடிநீர், பாதாளச் சாக்கடை, மழைநீர் வடிகால், குப்பை ஆகிய அனைத்தையும் கவனித்தது. ஆற்றுப் படுகையும் கரையும் பொதுப்பணித் துறையிடம் இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்தப் பொறுப்புகள் மேலும் பிரிந்தன. 1970-இல் குடிசை மாற்று வாரியம் வந்தது. கரையோரக் குடியிருப்புகள் அதன் பொறுப்பாயின. 1974-இல் நாடாளுமன்றம் நீர் மாசு தடுப்புச் சட்டத்தை இயற்றியது. அதைச் செயல்படுத்த 1982-இல் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது.

இவற்றுக்கிடையே 1978-இல் நடந்த மாற்றம்தான் கூவத்தைப் பொறுத்தவரை மிகப் பெரியது. அவ்வாண்டுச் சட்டத்தின்படி சென்னைப் பெருநகர் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம் உருவாயிற்று. மக்கள் 'மெட்ரோ வாட்டர்' என்றழைக்கும் அந்த வாரியம், மாநகராட்சியிடமிருந்து குடிநீரையும் பாதாளச் சாக்கடையையும் எடுத்துக்கொண்டது. மழைநீர் வடிகால் மாநகராட்சியிடமே தங்கிவிட்டது. ஒரே தெருவின் அடியில் அடுத்தடுத்து ஓடும் இரண்டு குழாய்களுக்கு இரண்டு அலுவலகங்கள் பொறுப்பாயின.

இந்தப் பிரிவினையின் விளைவை ஆற்றங்கரையில் மழைநீர் வடிகால் வந்து விழும் இடத்தில் பார்க்கலாம். பல மாதங்கள் மழையில்லாத கோடையிலும் அந்த மடைவாயில் கருநீர் விழுந்துகொண்டிருக்கும். வடிகால் மாநகராட்சியினுடையது. உள்ளே வருவது கழிவுநீர் என்பதால் மெட்ரோ வாட்டரின் விவகாரம். பாதாளச் சாக்கடை இணைப்பு எட்டாத வீடுகளும், இணைப்புக் கட்டணத்தைத் தவிர்க்க நினைத்த கட்டடங்களும் திருட்டுத்தனமாக வடிகாலில் குழாய் சேர்த்திருக்கும். தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டால் பொங்கும் நீரும் அருகிலுள்ள வடிகாலுக்கே போகும். நீர் விழும் படுகை 2021 வரை பொதுப்பணித் துறையிடம் இருந்தது; இப்போது நீர்வளத் துறையிடம் உள்ளது. மடைவாயை ஒட்டிய குடிசைகளுக்கு மாற்று வீடு தர வேண்டியது, முன்பு குடிசை மாற்று வாரியம் எனப்பட்ட வாரியம். நீரை எடுத்துச் சோதித்து அறிக்கை தருவது மாசு கட்டுப்பாட்டு வாரியம். ஒவ்வொரு துறையும் தன் எல்லைக்குள் வேலையை முடித்ததாகக் கணக்குக் காட்ட முடியும். மடைவாயில் கருநீர் விழுவது மட்டும் நிற்காது.

தொடக்க முயற்சிகள்

1967-இல் அண்ணா முதலமைச்சரானபின் கூவம் சீரமைப்புத் திட்டம் தொடங்கியது. படுகை தூர்வாரப்பட்டது, கரைகள் கட்டப்பட்டன. கருணாநிதி முதல்வராக இருந்த 1970-களின் தொடக்கத்தில் ஆற்றில் படகுகள் விடப்பட்டன. படகுத்துறைகளுக்குக் கடையெழு வள்ளல்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. பாரி, ஓரி ஆகியோருடன் திருக்கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரியின் பெயரும் அவற்றில் உண்டு. அழகுபடுத்தும் வேலை நன்றாக நடந்தது. மேலிருந்து விழும் கழிவுநீர் நிற்கவில்லை. சில ஆண்டுகளிலேயே படகுப் போக்குவரத்து நின்றது. படுகையைக் கையில் வைத்திருந்த துறை படுகையைச் சீர்செய்தது. நோயின் மூலமோ அதன் அதிகார எல்லைக்கு வெளியே இருந்தது.

2000-ஆம் ஆண்டையொட்டி, நடுவண் அரசின் தேசிய நதிப் பாதுகாப்புத் திட்டத்தில் சென்னை நகர நதிகள் பாதுகாப்புத் திட்டம் சேர்ந்தது. இம்முறை பணம் மெட்ரோ வாட்டருக்கு வந்தது. கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 11 கோடி லிட்டர், கோயம்பேட்டில் 6 கோடி, பெருங்குடியில் 5.4 கோடி, நெசப்பாக்கத்தில் 4 கோடி என நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் கூடுதலாக வந்தன. நகரின் சுத்திகரிப்புத் திறன் பெருகியது உண்மையான முன்னேற்றம். ஆனால் பாதாளச் சாக்கடைக்குள் வந்த நீரைத்தான் அந்த நிலையங்கள் சுத்தம் செய்ய முடிந்தது. மழைநீர் வடிகாலுக்குள் நுழைந்த கழிவு வழக்கம்போல் ஆற்றில் விழுந்தது.

ஒருங்கிணைப்புக்கு ஓர் அமைப்பு

2006-இல் சென்னையின் மற்றோர் ஆறான அடையாற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய சதுப்புநிலத்தை மீட்க 'அடையாறு பூங்கா அறக்கட்டளை' என்ற அமைப்பை அரசு தொடங்கியது. முதற்கட்டமாக 58 ஏக்கர் நிலம் சீர்செய்யப்பட்டு 2011-இல் திறக்கப்பட்டது. தொல்காப்பியப் பூங்கா என்று அறியப்படுவது அதுதான். 2010-இல் இந்த அமைப்பு சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை என்று பெயர் மாறி, நகரின் நீர்வழிகள் அனைத்துக்கும் திட்டம் தீட்டும் பொறுப்பை ஏற்றது.

அறக்கட்டளை தயாரித்த ஒருங்கிணைந்த கூவம் சுற்றுச்சூழல் மறுசீரமைப்புத் திட்டம், பருத்திப்பட்டு முதல் முகத்துவாரம் வரையிலான பகுதிக்கு 604.77 கோடி ரூபாய் மதிப்பீட்டில் 2015-ஐ ஒட்டி நடைமுறைக்கு வந்தது. ஒரே திட்டத்துக்குள் துறைகளின் பங்கு பிரிக்கப்பட்டது. தூர்வாருதலும் முகத்துவாரப் பராமரிப்பும் பொதுப்பணித் துறைக்கு. கழிவுநீரை மடைவாய்க்கு முன்பே மறித்துக் குழாய்க்குத் திருப்புவதும், எழும்பூர் லாங்ஸ் கார்டன் சாலை போன்ற இடங்களில் சிறு சுத்திகரிப்பு நிலையங்கள் அமைப்பதும் மெட்ரோ வாட்டருக்கு. குப்பை அகற்றல், வேலி, நடைபாதை, கரையோரப் பூங்கா ஆகியவை மாநகராட்சிக்கு. மேற்பகுதியில் ஆவடி, திருவேற்காடு ஆகிய உள்ளாட்சிகளுக்கும் ஊரக வளர்ச்சி நிர்வாகத்துக்கும் பங்கு உண்டு. அறக்கட்டளை திட்டமிடும், நிதி பெற்றுத்தரும், கண்காணிக்கும். வேலையைச் செய்வது அந்தந்தத் துறை.

இதில் மிகக் கடுமையான சுமை கரையில் வாழ்ந்தவர்கள்மேல் விழுந்தது. 14,000-ஐ ஒட்டிய குடும்பங்கள் மறுகுடியமர்வுக்குக் கணக்கெடுக்கப்பட்டன. பெரும்பாலோர் நகரின் தென்கோடியில் உள்ள பெரும்பாக்கம் போன்ற இடங்களின் அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். வேலை, பள்ளி, மருத்துவமனை எல்லாம் பழைய இடத்தைச் சுற்றி இருந்தவர்களுக்கு இருபது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு பெரும் இழப்பு. ஆற்றில் விழும் கழிவில் பெரும்பகுதி நகரெங்கும் உள்ள கட்டடங்களிலிருந்து வடிகால் வழியாக வருவது. குடிசைகளை அகற்றுவது கண்ணுக்குத் தெரியும் வேலை. வடிகாலில் சேர்ந்த திருட்டு இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தேடி அடைப்பது கண்ணில் படாத, நீண்ட வேலை. முதலாவது விரைந்து நடந்தது.

துறைகள் மோதியபோது

ஒருங்கிணைப்பின் எல்லையை மதுரவாயல்–துறைமுகம் உயர்மட்டச் சாலை வெளிக்காட்டியது. 2009 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட இச்சாலையின் பெரும்பகுதி கூவத்தை ஒட்டியும் அதன் படுகையிலும் தூண்களின்மேல் செல்லும் வகையில் வகுக்கப்பட்டது. கட்டுவது தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையம்; பயன்பெறுவது துறைமுகம்; படுகை அப்போது மாநிலத்தின் பொதுப்பணித் துறையிடம் இருந்தது. தூண்கள் நீரோட்டத்தைத் தடுக்கும் என்று 2012-இல் மாநில அரசு பணியை நிறுத்தியது. 2014-இல் உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியபின்னும் தூண்கள் பல ஆண்டுகள் பாதியில் நின்றன. 2022 மே மாதம் நெடுஞ்சாலைகள் ஆணையம், துறைமுகம், கடற்படை, தமிழ்நாடு அரசு ஆகிய நான்கும் ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகே ஈரடுக்குச் சாலையாகத் திட்டம் மீண்டும் உயிர்பெற்றது.

2019 பிப்ரவரியில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஆகியவற்றின் மாசைத் தடுக்கத் தவறியதற்காகத் தமிழ்நாடு அரசு 100 கோடி ரூபாய் செலுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. தனித்தனித் துறைகளைத் தாண்டி அரசு முழுவதையும் பொறுப்பாக்கிய உத்தரவு அது. நடுவண் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கை, ஆவடி முதல் சத்யா நகர் வரையிலான கூவத்தை நாட்டின் மிக மாசுபட்ட ஆற்றுப்பகுதியாகக் காட்டியது. அங்கே நீரின் மாசைக் காட்டும் அளவான உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 345 மில்லிகிராம். குளிப்பதற்கு ஏற்ற நீரில் அது 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

சிங்கப்பூரும் தமிழ்நாட்டு ஊர்களும்

கூவத்துக்காகத் தமிழ்நாடு 2010-இல் ஆலோசனை நாடிய சிங்கப்பூரிலும் இதே சிக்கல் இருந்தது. 1977-இல் பிரதமர் லீ குவான் யூ, பத்தாண்டுகளில் சிங்கப்பூர் ஆறும் காலாங் வடிநிலமும் சுத்தமாக வேண்டும் என்று இலக்கு வைத்தார். வீட்டுவசதி, துறைமுகம், நகர மறுசீரமைப்பு, பூங்கா எனப் பல அமைப்புகள் பங்கேற்றன. சாக்கடையையும் வடிகாலையும் தன்னிடமே கொண்டிருந்த சுற்றுச்சூழல் அமைச்சகம் தலைமை ஏற்றது. கழிவின் மூலங்கள் முதலில் அகன்றன. பன்றிப் பண்ணைகள் மூடப்பட்டன, தெருவோர உணவு வணிகர்கள் குழாயும் சாக்கடையும் உள்ள கட்டடங்களுக்கு மாறினார்கள். படுகை தூர்வாரல் அதற்குப் பிறகே நடந்தது. 1987-இல் வேலை முடிந்தது. கெடு, தலைமை, வேலையின் வரிசை மூன்றும் ஒரே கையில் இருந்தன.

தமிழ்நாட்டில் இந்தப் பிரிவு சென்னைக்கு மட்டும் உரியதன்று. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் பொதுப்பணித் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருந்தது நெடுநாள் வழக்கம். 2021-இல் நீர்வளத் துறை பொதுப்பணித் துறையிலிருந்து பிரிந்து தனித்துறையான பின்னும் அந்தப் பாகுபாடு தொடர்கிறது. கோமுகி நதிக்கரையில் உள்ள கள்ளக்குறிச்சி நகரானாலும் எலவனாசூர்கோட்டை போன்ற ஊரானாலும், தெருச் சாக்கடை உள்ளாட்சியினுடையது. அது போய்ச் சேரும் ஆறோ ஏரியோ வேறொரு துறையுடையது. வளரும் ஊர்களில் ஆறு கெடுவதற்கு முன்பே இதைச் சரிசெய்யலாம். சாக்கடையும் மழைநீர் வடிகாலும் ஒரே அமைப்பின் பொறுப்பில் இருப்பதும், ஆற்றில் விழும் ஒவ்வொரு மடைவாய்க்கும் பதில் சொல்ல ஓர் அலுவலகத்தைப் பெயர் குறித்து நியமிப்பதும், கழிவை நிறுத்தியபின் கரையை அழகுபடுத்துவதும் கூவத்தின் அனுபவம் தரும் மூன்று பாடங்கள்.