கோயம்புத்தூர் வட்டார மலைவழிகள்

கோவை நகரிலிருந்து புறப்பட்டு ஒரு நாளுக்குள் ஏறி இறங்கிவிடக்கூடிய மேற்குத் தொடர்ச்சி மலையின் நடைவழிகள். நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 410 மீட்டர் உயரத்தில் உள்ளது. மேற்கே போளுவாம்பட்டி மலைகளும் வடமேற்கே குருடிமலைத் தொடரும் நிற்கின்றன. வடக்கே நீலகிரி. தெற்கே பாலக்காட்டுக் கணவாயைக் கடந்தால் ஆனைமலை. கணவாய் வழியாக வரும் மேல்காற்றும் மலை தடுத்து நிறுத்தும் மழையும் கோவையின் தட்பவெப்பத்தை முடிவு செய்வதால், மேற்கே தெரியும் மலை விளிம்பைப் பார்த்தே மழையைக் கணிக்கும் பழக்கம் இங்கே உண்டு.

பாகுபாடு

இவ்வழிகளை உயரத்தை வைத்தோ தூரத்தை வைத்தோ வகுப்பது பயன் தராது. யார் நடந்து நடந்து அந்தத் தடம் உண்டானது என்று பார்த்து வகுப்பதே சரி. சாமி கும்பிடப் போனவர்கள் உண்டாக்கியது கோயில் வழி. இருளரும் படகரும் விளைபொருளையும் காட்டுப்பொருளையும் சுமந்து சந்தைக்கு இறங்கியது சுமை வழி. நில அளவைக்காரர்களும் கலெக்டர்களும் ஏறியது அரசு வழி. இயற்கைக் காட்சிக்காகவே உண்டான பழைய வழி என்று இவ்வட்டாரத்தில் ஒன்றையும் காட்ட முடியாது. கொங்கு நாட்டில் ‘மலைக்குப் போறோம்’ என்றால் சாமியைப் பார்க்கப் போவதாகத்தான் பொருள். காட்சி அதோடு சேர்ந்து கிடைத்தது.

காட்சிக்காகவே மலையில் நடக்கும் ஊர்களும் உண்டு. நார்வேயின் பெர்கன் நகரத்தை ஏழு மலைகள் சூழ்ந்துள்ளன. அங்குள்ளவர்கள் ஓய்வுநாளில் அவற்றின் மீது நடப்பதைத் தங்கள் உரிமையாகவே கருதுகிறார்கள். பயிரிடப்படாத நிலத்தில், அது யாருடையதானாலும், எவரும் நடக்கலாம் என்று 1957-ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே உறுதி செய்தது. இங்கே 1882-ஆம் ஆண்டு வனச்சட்டம் மலைகளை ஒதுக்குக் காடுகளாக்கி, நடப்பவரை அனுமதி கேட்க வைத்தது. அதற்குப் பிறகும் பொதுமக்களுக்குத் தடையின்றித் தொடர்ந்தவை பெரும்பாலும் கோயில் வழிகளே.

வெள்ளியங்கிரி

கோயில் வழிகளில் தலையாயது வெள்ளியங்கிரி. நகருக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள பூண்டி அதன் அடிவாரம். அங்கே வெள்ளியங்கிரி ஆண்டவர், மனோன்மணி அம்மன் சன்னதிகள் உள்ளன. உச்சி 6,000 அடிக்குச் சற்றுக் குறைவு. ஏற்றத்தை ஏழு மலைகளாகச் சொல்வர். ஏழாவது மலையில் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து உண்டான குகையில் சுயம்பு லிங்கம் இருக்கிறது. இதனால் இம்மலையைத் தென்கயிலை என்பர். வெள்ளி போன்ற மேகம் முடியை மூடி நிற்பதால் வந்த பெயர் வெள்ளியங்கிரி என்ற விளக்கமே ஏற்கத்தக்கது. கார்காலத்தில் பூண்டியிலிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. 18-ஆம் நூற்றாண்டில் கச்சியப்ப முனிவர் இயற்றிய பேரூர்ப் புராணம் இம்மலையையும் இதில் பிறக்கும் காஞ்சி நதியையும் போற்றுகிறது. காஞ்சி என்பது நொய்யலின் பழம்பெயர். இங்கே ஊற்றெடுக்கும் நொய்யல் பேரூர், கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. ஆகவே பேரூரில் பட்டீசுவரரைக் கும்பிட்டுவிட்டு வெள்ளியங்கிரி ஏறுபவர், ஓர் ஆற்றின் கரையிலிருந்து அதன் பிறப்பிடத்துக்கே போகிறார்.

ஏழு மலை என்பது ஏழு தனிச் சிகரங்களைக் குறிப்பதன்று, ஏற்றத்தின் ஏழு பகுதிகளைக் குறிப்பது. முதல் மலை கல்படிக்கட்டு. செங்குத்தானது, புதிதாக வருபவரின் மூச்சை இங்கேயே வாங்கிவிடும். அது முடியும் இடத்தில் வெள்ளை விநாயகர் கோயில். அடுத்து வரும் ஏற்றங்களில் வழுக்குப்பாறையும் பாம்பாட்டிச் சுனையும் கைதட்டிச் சுனையும் உள்ளன. அதுவரை காட்டு நிழல். மேலே மரங்கள் குறைந்து புல்வெளி விரிகிறது, காற்றும் குளிரும் கூடிவிடும். பீமன் களியுருண்டை என்னும் பெரும்பாறை இந்தப் பகுதியில்தான். வழியில் வெண்மண் கிடைக்கும் இடத்தில் பக்தர்கள் அதையே திருநீறாக அள்ளிப் பூசிக்கொள்வார்கள். ஆறாம் மலை இறக்கம். அங்கே ஆண்டி சுனையின் பனிபோன்ற நீரில் குளித்த பிறகு சுவாமி மலை என்னும் ஏழாவது ஏற்றம். உச்சியில் நின்றால் ஒருபுறம் கோவைச் சமவெளி, மறுபுறம் சிறுவாணியின் காடு. இரவில் ஏறி விடியலில் உச்சி சேர்பவர்களே மிகுதி. அவர்களுக்கு நகரின் விளக்குகளும் சூரிய உதயமும் ஒரே பயணத்தில் கிடைத்துவிடும்.

அடிவாரத்தில் விற்கும் மூங்கில் தடி இல்லாமல் இம்மலையில் ஏறுபவர் அரிது. ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் அதன் அருமை தெரியும். கொங்கு வீடுகள் பலவற்றில் அந்தத் தடி பூசையறையில் சாத்தி வைக்கப்பட்டிருக்கும். மூன்று தடி, ஐந்து தடி என்று அவற்றை எண்ணியே ஒருவர் எத்தனை முறை மலையேறினார் என்று சொல்வார்கள். பிப்ரவரி முதல் மே வரை வனத்துறை வழியைத் திறக்கிறது. மகா சிவராத்திரியிலும் சித்ரா பௌர்ணமியிலும் கூட்டம் மிகும். பத்து வயதுக்கு மேல் ஐம்பதுக்குள் உள்ள பெண்கள் ஏறாதது நெடுநாள் வழக்கம். மூச்சுத்திணறலாலும் மாரடைப்பாலும் ஏறும் வழியிலேயே உயிரிழந்தவர்கள் உண்டு. இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் இம்மலையைத் தவிர்க்க வேண்டும்.

குருடிமலைத் தொடர்

மருதமலை முருகன் கோயிலுக்கு 837 படிகள். வாகனச் சாலையும் உண்டு. படிகளில் ஏறுபவரே பாம்பாட்டிச் சித்தர் குகையையும் சரிவின் காட்டையும் நின்று பார்க்கிறார். மருதமலைக்குப் பின்புறச் சரிவில், பெரிய தடாகம் பக்கம், அனுவாவி சுப்பிரமணியர் கோயில் அமைந்துள்ளது. அனுமனின் தாகம் தீர முருகன் உண்டாக்கிய ஊற்று என்று அங்குள்ள வாவியைச் சொல்வர். பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேற்கே பாலமலை அரங்கநாதர் கோயில், அதற்கும் மேலே மேல்முடி அரங்கநாதர். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் இருளர் ஊர்களைத் தாண்டிக் காட்டுவழியே பக்தர்கள் மேல்முடிக்கு ஏறுகிறார்கள். இத்தொடரின் உயர்ந்த முடியை ஆங்கிலேய நிலப்படங்கள் லாம்ப்டன் சிகரம் என்று குறித்தன. 1802-இல் சென்னையில் பெரும் முக்கோண அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்ப்டனின் பெயர் அது. அடிவார ஊர்களில் அந்தப் பெயர் ஒட்டவில்லை. அங்குள்ளவர்களுக்கு அது குருடிமலைதான்.

நீலகிரி ஏற்றம்

அரசு வழிகளின் கதை ஏடுகளில் விரிவாகக் கிடைக்கிறது. 1812-இல் கோவைக் கலெக்டரின் ஆணைப்படி கீஸ் என்னும் அளவையாளர் நீலகிரி மேல் ஏறினார். 1818-இல் விஷ், கிண்டர்ஸ்லி என்னும் இரு உதவிக் கலெக்டர்கள் ஏறினர். அவர்கள் சொன்னதைக் கேட்ட கலெக்டர் ஜான் சல்லிவன் 1819 ஜனவரியில் தானே புறப்பட்டு, கோத்தகிரியை அடுத்த திம்பட்டியை அடைந்தார். இதைக் ‘கண்டுபிடிப்பு’ என்று எழுதுவது தவறு. படகரும் தோடரும் கோத்தரும் வாழ்ந்த மலை அது. சல்லிவன் ஏறியதும் அவர்கள் சமவெளிக்கு இறங்கிவந்த தடங்களின் வழியேதான். அந்நாளில் மலையடிவாரத் தங்குமிடமாக இருந்த தணாய்க்கன் கோட்டை இப்போது பவானிசாகர் அணையின் நீருக்கு அடியில் கிடக்கிறது. 1820களின் தொடக்கத்தில் சிறுமுகையிலிருந்து திம்பட்டிக்கு முதல் பாதை வெட்டப்பட்டது. அடுத்த பத்தாண்டில் குன்னூர் வழி வந்தபின் சிறுமுகைப் பாதை சிறப்பிழந்தது. 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயில் ஓடத் தொடங்கியதும் நீலகிரிக்கு நடந்து ஏறும் வழக்கம் குறைந்தது.

கிழக்குக் குன்றுகள்

சமவெளியில் தனித்து நிற்கும் கொங்குக் குன்றுகளில் சென்னிமலைக்கு 1,320 படிகள். கந்தர் சஷ்டி கவசம் அரங்கேறிய தலம் அது. காங்கேயத்தை அடுத்த சிவன்மலை, பக்தர் கனவில் உணர்த்தப்பட்ட பொருளை வைத்துப் பூசிக்கும் ஆண்டவன் உத்தரவுப் பெட்டியால் அறியப்படுகிறது. இரண்டுமே அரை நாளில் முடியும்.

இன்றைய நிலை

2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ 23 பேரின் உயிரைக் குடித்த பிறகு, அனுமதியும் வழிகாட்டியும் இன்றிக் காட்டுக்குள் நடப்பதை அரசு தடை செய்தது. தேவையான தடை அது. 2024 அக்டோபரில் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தின் 40 வழிகளில் வெள்ளியங்கிரி, செம்புக்கரை–பெருமாள்முடி, டாப்சிலிப்–பண்டாரவரை ஆகியவை இவ்வட்டாரத்தைச் சேர்ந்தவை. இணையத்தில் முன்பதிவு செய்து, பழங்குடி வழிகாட்டிகளுடன் செல்லலாம். அடிவாரம் முழுதும் யானை நடமாட்டம் உள்ளது. பூண்டியில் பைகளைச் சோதித்து நெகிழிப் பொருள்களை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். மே முடிந்ததும் வெள்ளியங்கிரி வழி அடைக்கப்பட, ஆடிக்காற்றிலும் மழையிலும் தடம் புல் மூடிவிடுகிறது.