துணைத் திட்ட நிதி: கணக்கில் எழுதுவதும் சேரிக்கு வருவதும்

பட்டியல் சாதியினருக்கான சிறப்புக் கூறுத் திட்டம் 1979-80இல் தொடங்கியது. அரசின் திட்டச் செலவில், மக்கள்தொகையில் அவர்கள் வகிக்கும் விழுக்காட்டுக்குக் குறையாத பங்கை அவர்களுக்கென ஒதுக்க வேண்டும் என்பதே அதன் விதி. பின்னர் அது துணைத் திட்டம் எனப்பட்டது. ஆந்திரமும் கருநாடகமும் 2013இலேயே இதற்குத் தனிச் சட்டம் இயற்றின. தமிழ்நாடு 2024இல்தான் இயற்றியது.

எவ்வளவு ஒதுக்கினார்கள் என்பதைவிட, எதை ஒதுக்கீடு என்று எழுதினார்கள் என்பதே நாம் பார்க்க வேண்டியது. திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் செப்பனிட 10 கோடி ரூபாய் செலவாகிறது என்று ஒரு பேச்சுக்குக் கொள்வோம். நடப்பவர்களில் தலித்துகளும் உண்டு என்று 2 கோடியைத் துணைத் திட்டச் செலவாக எழுதிவிட்டால் விழுக்காடு நிறைந்துவிடும். சுடுகாட்டுக்குப் பாதையற்ற சேரியில் ஒரு கூடை மண்கூட விழுந்திராது.

சாலையைச் சாதிவாரியாகப் பிரிக்க இயலாது, பொதுத் திட்டமே சிக்கனம் என்பது அரசுத் தரப்பின் வழக்கமான விடை. ‘பொது’ என்பது எல்லோருக்கும் திறந்திருக்கிறதா? இதே மாவட்டத்தின் தென்முடியனூரில், அறநிலையத் துறைக் கோயிலுக்குள் தலித் மக்கள் 2023 ஜனவரியில் காவல்துறைப் பாதுகாப்போடுதான் நுழைய முடிந்தது.

கருநாடகச் சட்டத்தின் 7(டி) பிரிவு இத்தகைய ‘செலவிட்டதாகக் கருதும்’ கணக்குக்கு இடமளித்தது. 2023இல் அப்பிரிவு நீக்கப்பட்டது. அதே ஆண்டில் துணைத் திட்டங்களின் ஏறத்தாழ 11,000 கோடி ரூபாய் ஐந்து உத்தரவாதத் திட்டங்களுக்குத் திருப்பப்பட்டது. தில்லியில் இந்நிதி காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்கே சென்றது. 2010இல் நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசு அதை ஒப்புக்கொண்டது.

மாநிலச் சராசரியும் ஒரு திரைதான். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு, திருவண்ணாமலை மாவட்டத்தில் ஏறத்தாழ 23. பழங்குடியினர் மாநிலத்தில் 1.1 விழுக்காடு, சவ்வாது மலையை உள்ளடக்கிய இம்மாவட்டத்தில் 3.7 அளவில்.

வரவுசெலவு ஆவணங்களில் 789 என்ற சிறு தலைப்பின்கீழ் பட்டியல் சாதியினருக்கான தொகையும் 796இன்கீழ் பழங்குடியினருக்கான தொகையும் வரும். ஆதிதிராவிடர் நலத் துறையின் மானியக் கோரிக்கையோடு நிறுத்தாமல், நெடுஞ்சாலை, ஊரக வளர்ச்சி, குடிநீர் ஆகியவற்றிலும் இவ்வெண்களைத் தேட வேண்டும். தகவல் உரிமை மனுவில் மொத்தத் தொகையைக் கேட்டால் மொத்தமே கிடைக்கும். எந்த ஊராட்சி, எந்தக் குடியிருப்பு, என்ன பணி, எத்தனை குடும்பம் என்று ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனியே கேட்பது நல்லது.